கேபிள் ரீல் சூடாகி நின்றது ஏன்? பெரிய ரீல் வாங்கினால் தீருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த பொங்கல் விழாவுக்கு உங்கள் வசிப்போர் குழு 30 மீட்டர் கேபிள் ரீல் (டிரம்மில் சுருட்டிய நீட்டிப்புக் கம்பி) ஒன்றைக் கொண்டுவந்து, மேசைக்கு எட்டும் அளவுக்குச் சுமார் 10 மீட்டர் மட்டும் இழுத்து, 2,500 வாட் வாட்டர் பாய்லர் ஒன்றையும் 1,600 வாட் பெரிய ரைஸ் குக்கர் ஒன்றையும் அதில் செருகியிருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் இரண்டும் நின்றுவிட்டன. ரீலைத் தொட்டால் சுட்டது, பிளாஸ்டிக் வாடையும் வந்தது. ஆறிய பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் மறுபடி வேலை செய்தது. ரீல் கெட்டுவிட்டதா, அதற்குப் பதிலாக 50 மீட்டர் ரீல் வாங்கலாமா, சுருட்டும்போது கம்பி முறுக்கிக்கொண்டு சிக்காவதை எப்படித் தவிர்ப்பது என்று மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: சுருட்டிக் கிடக்கும் கம்பியின் வழியாக எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம்? அதைத் தெளிவாக்கிவிட்டால் எதை வாங்குவது என்பது தானாகவே விளங்கிவிடும். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

நான் மின்பணியில் முறையாகப் பயிற்சி பெற்றவன். பல ஆண்டுகளாகக் கோயில் திருவிழாக்களுக்கும் சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்கும் தற்காலிக மின் இணைப்பு, மேடை ஒலி, விளக்கு வேலைகளைச் செய்துவருகிறேன். உங்கள் ரீலை நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே கணக்கும் இயற்பியலும் காட்டுவதை உறுதியாகச் சொல்கிறேன். ரீலின் இன்றைய நிலையைப் பற்றிச் சொல்வனவற்றில் ஊகம் கலந்திருக்கும் இடங்களில் அதை ஊகம் என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் சுமை. இங்கே நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். நாம் பயன்படுத்தும் மூன்று முனைப் பிளக் 13 ஆம்பியருக்கானது. இரண்டையும் பெருக்கினால் 2,990, அதாவது ஏறக்குறைய 3,000 வாட். நீங்கள் இணைத்த இரண்டு கருவிகளும் சேர்ந்து 4,100 வாட். கிட்டத்தட்ட 18 ஆம்பியர். ரீலில் நான்கு சாக்கெட் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 13 ஆம்பியர் கிடைக்கும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். நான்கும் பங்குபோட்டுக்கொள்வது ஒரே கம்பியையும் ஒரே பிளக்கையும்தான்.

அப்படியானால் பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் ஏன் எரியவில்லை என்ற சந்தேகம் உங்களுக்கு வரக்கூடும். அந்த ஃபியூஸின் பிரிட்டிஷ் தர விதியான பிஎஸ் 1362, குறித்த அளவைப்போல 1.6 மடங்கு மின்னோட்டத்தை, அதாவது 20.8 ஆம்பியரை, ஃபியூஸ் அரை மணி நேரமாவது அறுந்துபோகாமல் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது, 1.9 மடங்கு போனால்தான் அரை மணி நேரத்துக்குள் அறுந்தாக வேண்டும். நீங்கள் எடுத்த 18 ஆம்பியர் 13-ஐத் தாண்டினாலும் அந்த 20.8-ஐக்கூட எட்டவில்லை. ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் நொடியில் காப்பாற்றும். இப்படி மெதுவாக மிஞ்சும் சுமையிடமிருந்து காப்பாற்றும் என்று அதை நம்பியிருக்கக் கூடாது. உங்கள் ரீலை நிறுத்தியது ஃபியூஸ் அன்று, ரீலுக்குள்ளேயே இருக்கும் வெப்பத் துண்டிப்பான். நீங்கள் அழுத்திய சிவப்புப் பொத்தான் அதனுடையதுதான்.

இனி சூடு. உங்கள் கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறேன். உறையின் மேலேயே அளவு அச்சிடப்பட்டிருக்கும், 1.25 என்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த அளவுள்ள வளையும் செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 13.3 ஓம். மின்சாரம் 30 மீட்டர் போய் 30 மீட்டர் திரும்ப வேண்டும் என்பதால் 60 மீட்டருக்குக் கணக்கிட்டால் 0.8 ஓம் வருகிறது. மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, வருவதை மின்தடையால் பெருக்கினால் கம்பிக்குள் உண்டாகும் வெப்பம் கிடைக்கும். 18 ஆம்பியருக்கு அது 250 வாட்டுக்கு மேல். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 170 வாட்டுக்குச் சற்று அதிகமாக, டிரம்மிலேயே சுருண்டு கிடந்த 20 மீட்டருக்குள் உருவாகியிருக்கிறது.

கம்பி தரையில் நீளமாகக் கிடந்திருந்தால், மீட்டருக்கு எட்டு வாட் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்று எடுத்துக்கொண்டு போயிருக்கும். டிரம்மில் அதற்கு வழியில்லை. நடு அடுக்கிலுள்ள கம்பிக்கு மேலேயும் கீழேயும் இரு பக்கங்களிலும் அதே போலச் சூடாகிக்கொண்டிருக்கும் கம்பிதான் இருக்கிறது. போர்வைமேல் போர்வையாகப் போர்த்தியது போன்ற நிலை அது. செம்பு சூடாகச் சூடாக அதன் மின்தடையும் ஏறும்: 20 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 70 பாகையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அதனால் வெப்பமும் கூடும். சாதாரண பிவிசி உறை தாங்க வேண்டிய உச்ச வேலை வெப்பநிலை 70 பாகை. நம் ஊரில் பகல் நேரத்தில் நிழலிலேயே 31, 32 பாகை இருப்பதால், குளிர் நாட்டில் இதே ரீலுக்குக் கிடைக்கும் இடைவெளியில் ஒரு பகுதி தொடங்கும் முன்பே இங்கே கரைந்துவிடுகிறது.

ரீலின் பக்கவாட்டில் 1,000 என்றும் 3,000 என்றும் இரண்டு வாட் எண்கள் இருப்பதாகவும், எது சரி என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான். முதலாவது கம்பி முழுவதும் சுருட்டியிருக்கும்போது எடுக்கக்கூடிய உச்ச அளவு. இரண்டாவது கடைசிச் சுற்றுவரை அவிழ்த்த பிறகு எடுக்கக்கூடியது. 1,000 வாட்டுக்குக் கம்பியில் உண்டாகும் வெப்பம் மொத்தமாகவே சுமார் 15 வாட். 3,000 வாட்டுக்கு அது ஒன்பது மடங்காகி 135 வாட் ஆகிறது. மின்னோட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காவதுதான் கணக்கு. இப்போது உங்கள் ரீலை எண்ணிப் பாருங்கள்: சுருட்டிய நிலைக்கு லேபிள் அனுமதித்தது 15 வாட் வெப்பம், டிரம்முக்குள் உண்மையில் உருவானதோ 170. பாதி அவிழ்த்தால் 2,000 வாட் எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அப்படி இடைப்பட்ட எண் எதையும் உற்பத்தியாளர் தருவதில்லை. கடைசிச் சுற்று டிரம்மை விட்டு இறங்காத வரை சிறிய எண்ணையே பின்பற்றுங்கள் என்பது என் அறிவுரை.

இங்கே ஒரு தவறான விளக்கத்தையும் தொட்டுவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார். கம்பியைச் சுருட்டினால் அது காந்தச் சுருளாக மாறிவிடுகிறது, அந்தக் காந்தப்புலத்தால்தான் சூடாகிறது என்கிறார். ரீல் கம்பிக்கு இது பொருந்தாது. ஒரே உறைக்குள் லைவ் கம்பியில் மின்சாரம் போகும் அதே நொடியில் நியூட்ரல் கம்பியில் அதே அளவு எதிர்த்திசையில் திரும்புகிறது. இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், எத்தனை சுற்று சுற்றினாலும் மிஞ்சுவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. சூடு முழுவதும் மின்தடையால் வருவது, வெளியேற வழியில்லாமல் தங்குவது. இதே உண்மையின்மேல்தான் நம் வீடுகளிலுள்ள ஆர்சிசிபி என்ற மின்கசிவுத் துண்டிப்பானும் இயங்குகிறது: போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை அதன் வளையத்துக்குள் காந்தப்புலம் எழாது, எங்கோ மின்சாரம் கசிந்து சமநிலை கெட்டால் மட்டுமே அது துண்டிக்கும். ஆகவே கம்பி உருகும் அளவுக்குச் சூடானாலும், உறை கிழிந்து கசிவு ஏற்படும்வரை ஆர்சிசிபி அசையாது. ஆர்சிசிபி இருக்கிறதே, ரீல் சூடானால் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையை நான் அடிக்கடி கேட்கிறேன். அது ஆபத்தான நம்பிக்கை.

வெப்பத் துண்டிப்பானையும் முழுக் காவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேபிள் ரீல்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐஇசி 61242. அதன்படி செய்த ரீலில் துண்டிப்பான் இருக்கும் என்பது நல்ல செய்திதான். ஆனால் அது இருப்பது சாக்கெட்டுகளுக்குப் பின்னால், டிரம்மின் மையப்பகுதியில். மிகவும் சூடாகும் இடமோ கம்பி அடுக்குகளின் நடுவில். மையம் துண்டிக்கும் வெப்பத்தை எட்டுவதற்குள் நடு அடுக்கு அதைத் தாண்டியிருக்கக்கூடும். துண்டிப்பான் ஒரு முறை வேலை செய்தது என்றால் அதன் பொருள், நீங்கள் செய்தது தவறு என்று ரீல் சொன்னது என்பதுதான். ஆறியதும் பொத்தானை அழுத்தி அதே சுமையைத் தொடர்வது அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிடுவதாகும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்: ரீல் கெட்டுவிட்டதா? நின்றது கோளாறால் அன்று, மிகைச் சுமையால் என்பது உறுதி. அந்தச் சூட்டில் உறை பாதிக்கப்பட்டதா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. பிளாஸ்டிக் வாடை வந்தது என்கிறீர்களே, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. வெளிச்சம் நன்றாக இருக்கும் இடத்தில், பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, 30 மீட்டரையும் கடைசிவரை அவிழ்த்துப் போடுங்கள். உள்ளே கடைசியாக இருக்கும் அடுக்குகளை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிந்த தடம், பக்கத்துக் கம்பி அழுந்திய பள்ளம், திடீரென்று பளபளக்கும் இடம், மற்ற பகுதியைவிட விறைப்பாகவோ பிசுபிசுப்பாகவோ இருக்கும் இடம், மடக்கினால் தெரியும் வெடிப்பு, இவற்றில் எது இருந்தாலும் அந்த ரீலின் வேலை முடிந்தது. சாக்கெட் ஓட்டைகளைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறதா, பிளக்கின் முள் நிறம் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, டேப் சுற்றி இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தூக்கி எறியும் முன் பிளக்கைக் கம்பியோடு சேர்த்து வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் பழைய பொருள் வாங்கும் காரங்குனிக்காரர் கைக்குப் போய், அந்த ரீல் வேறொருவர் வீட்டில் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரிடம் கொடுத்து 500 வோல்ட் இன்சுலேஷன் சோதனையும் எர்த் தொடர்ச்சிச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். சில நிமிட வேலை. ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் தள்ளுபடி. நல்ல நிலையிலுள்ள கம்பி அதைவிடப் பல மடங்கு அதிகம் காட்டும். இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. உறை இன்று தாங்குகிறது என்பதைத்தான் அது காட்டும். அந்த அரை மணி நேரத்தில் அதன் ஆயுளில் எவ்வளவு போனது என்பதைக் காட்டாது. வேலை வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் உறையின் ஆயுள் பாதியாகும் என்று எங்கள் துறையில் ஒரு விதி சொல்வார்கள். அது தோராயமான விதி, பிவிசியின் எல்லா வகைக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் திசையை அது சரியாகக் காட்டுகிறது. சோதனையில் தேறினால்கூட, அந்த ரீலை எல்இடி விளக்கு, சிறிய ஒலிபெருக்கி போன்ற குறைந்த சுமைகளுக்கு மட்டும் ஒதுக்கிவைப்பேன். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் அடுப்புக்கும் கொதிகலனுக்கும் அதை மறுபடி நம்ப மாட்டேன்.

50 மீட்டர் ரீல் வேண்டாம். அதே தடிமனில் நீளத்தைக் கூட்டினால் மின்தடை கூடும், டிரம்மில் அடுக்கு கூடும், அவிழ்க்க வேண்டிய கம்பி கூடும், ஆகவே யாரும் முழுவதும் அவிழ்க்க மாட்டார்கள். 1.5 சதுர மில்லிமீட்டரில் 50 மீட்டர் என்றால் மின்தடை 1.33 ஓம், உங்கள் 2,500 வாட் பாய்லரை மட்டும் இணைத்தாலே 14 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடும். பாய்லர் மெதுவாகக் கொதிக்கும், அவ்வளவுதான் அதில் நஷ்டம். ஆனால் பிள்ளைகளின் காற்றுக் கோட்டைக்கு ஊதும் மோட்டார், குளிர்பதனப் பெட்டி போன்றவை குறைந்த வோல்ட்டில் கிளம்பத் திணறும், மோட்டாரே சூடாகும். ஒரு ரீலின் முனையில் இன்னொரு ரீலைச் செருகுவதும் இதே தவறுதான், கூடவே தளர்ந்து சூடாகக்கூடிய இன்னோர் இணைப்பு.

நீங்கள் வாங்க வேண்டியது குறைந்த நீளமும் கூடிய தடிமனும். உங்கள் மேசை சுவரிலிருந்து 10 மீட்டரில் இருக்கிறது என்றால் 15 மீட்டர் போதும். அதிகம் போனால் 25. தடிமன் 2.5 சதுர மில்லிமீட்டராக இருக்கட்டும். 30 மீட்டருக்கே கணக்கிட்டாலும் அதன் மின்தடை 0.48 ஓம்தான், 13 ஆம்பியரில் உண்டாகும் வெப்பம் 135 வாட்டிலிருந்து 81 ஆக இறங்கிவிடும். வெளிப்புறப் பயன்பாட்டுக்கு ரப்பர் உறை சிறந்தது: மிதிபட்டாலும் இழுபட்டாலும் தாங்கும், தரையில் நெளியாமல் படுத்துக்கிடக்கும். எடை கூடும், விலையும் கூடும். தொண்டூழியர்கள் தூக்க வேண்டிய பொருள் என்பதையும் எண்ணித்தான் நீளத்தைக் குறைக்கச் சொல்கிறேன்.

கம்பி எவ்வளவு தடிமனானாலும் பிளக் 13 ஆம்பியர்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். பாய்லரும் ரைஸ் குக்கரும் ஒரே ரீலில் ஒருபோதும் சேரக்கூடாது. இரண்டையும் இரண்டு பிளக் பாயிண்டில் இணைப்பதோடு, அவை இரண்டும் வெவ்வேறு சர்க்கியூட்டைச் சேர்ந்தவையா என்று நகர மன்றத்திடம் இடத்துக்கு அனுமதி கேட்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே சர்க்கியூட் என்றால், அல்லது அடுத்த ஆண்டு இன்னும் பெரிதாகச் செய்வதாக இருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தற்காலிக மின் இணைப்பு எடுப்பதே முறை. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் அவர்களைத் தேடலாம். அவர் நீல நிறத் தொழிற்சாலை வகை சாக்கெட்டோடு ஒரு பகிர்வுப் பெட்டி வைத்துத் தருவார். அதற்குப் பிறகு உங்கள் கவலை பாதியாகக் குறைந்துவிடும்.

கடையில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு முத்திரை. சிங்கப்பூரில் கேபிள் ரீல் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. பதிவு செய்யாமல் இங்கே விற்கக் கூடாது. முத்திரையோடு எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ரீல்களில் சில ஐரோப்பிய இரட்டை முனைப் பிளக்கோடு வரும். அதற்கு அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாம் என்று விற்பவர் சொல்வார். அந்தப் பிளக்குக்குள் ஃபியூஸ் கிடையாது, அடாப்டரில் எர்த் சரியாகத் தொடுகிறதா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வாங்காதீர்கள். லேபிளில் சுருட்டிய நிலைக்கு ஓர் எண், அவிழ்த்த நிலைக்கு ஓர் எண் என்று இரண்டும் இல்லாத ரீலையும் நான் வாங்க மாட்டேன்.

முழுவதும் அவிழ்த்தால் மிஞ்சும் கம்பியை எங்கே போடுவது என்பது நியாயமான கேள்வி. அதை வட்டமாகக் குவித்து மேசைக்கடியில் தள்ளிவிட்டால் டிரம்மிலிருந்த அதே சூடு தரைக்கு வந்ததாகத்தான் ஆகும். இரண்டு நாற்காலிகளை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வைத்ததாக எண்ணிக்கொண்டு, அவற்றைச் சுற்றி எட்டு என்ற எண் வடிவில் கம்பியைத் தளர்வாகப் பரப்புங்கள். காற்றுக்கு இடம் கிடைக்கும். எட்டின் ஒரு பாதியில் ஏறும் முறுக்கு மறுபாதியில் இறங்கிவிடுவதால், எடுக்கும்போது சிக்கும் வராது. நடைபாதையில் பாய்க்கும் கம்பளத்துக்கும் அடியில் கம்பியை விடக் கூடாது. சூடும் தங்கும், மிதிபட்ட காயமும் கண்ணுக்குத் தெரியாது. கம்பி நடைபாதையைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் ரப்பர் கேபிள் மூடியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் வரும் சனவரியில் வடகிழக்குப் பருவமழை முழுவதும் விலகியிருக்காது. கீழ்த்தளத்தின் ஓரத்தில் சாரல் அடிக்கும், வடிகால் பக்கம் நீர் தேங்கும். ரீலைத் தரையில் படுக்கவைக்காமல் அதன் காலில் நிறுத்தி, பலகை ஒன்றின்மேல் வையுங்கள். சாக்கெட்டுக்கு மூடி இருந்தாலும், பிளக் செருகிய பிறகு அந்த மூடி முழுவதும் சாத்தாவிட்டால் மழைத்துளிக்கு எதிரான காப்பு இல்லையென்றே கொள்ளுங்கள். பழைய வீடுகள் உட்பட எல்லா வீடுகளுக்கும் 2025 சூலை 1 முதல் ஆர்சிசிபி கட்டாயமாகிவிட்டது. நீங்கள் பயன்படுத்துவது புளோக்கின் பொது இணைப்பு என்பதால், அங்கே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு பாய்லரின் கைப்பிடியைத் தொடுபவருக்கு உயிர்க்காப்பு அதுதான்.

கம்பி முறுக்கிக்கொள்வதற்கு வருகிறேன். டிரம்மைச் சுழற்றிச் சுற்றினால் கம்பியில் முறுக்கு ஏறவே ஏறாது. டிரம் அசையாமல் இருக்க, கம்பியை மட்டும் அதன் விளிம்பைச் சுற்றி வளைத்துப் போட்டாலோ, ரீலைப் படுக்கவைத்து மேலிருந்து வளையம் வளையமாக உருவினாலோ, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முழு முறுக்கு ஏறும். முழங்கையில் சுற்றுவதும் கைப்பேசிக் கம்பிக்கு விற்கும் சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் சுற்றுவதும் இதே வகைதான். உங்கள் குழுவில் யாரோ ஒருவர் ரீலைப் படுக்கவைத்து உருவுகிறார் என்பது என் ஊகம், ஏனென்றால் நீங்கள் எழுதியபடி இழுக்கும்போதே சுருள் விழுகிறது. ஏறிப்போன முறுக்கை எடுக்க, கம்பி முழுவதையும் நேராக விரித்து, ரீல் பக்கத்திலிருந்து தொடங்கி உள்ளங்கைக்குள் கம்பியைப் பிடித்தபடி பிளக் முனைவரை நடங்கள். முறுக்கு உங்கள் கைக்கு முன்னால் ஓடி, எதிலும் மாட்டியிராத பிளக் முனையில் சுழன்று வெளியேறும். பிவிசி கம்பி முரண்டு பிடித்தால் சற்று நேரம் வெயிலில் கிடக்கவிட்டுச் செய்யுங்கள், இளகிக்கொடுக்கும்.

சுற்றத் தொடங்கும் முன் எல்லாப் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள்; பல வீட்டு ரீல்களில் சாக்கெட்டும் டிரம்மோடு சேர்ந்தே சுழலும். வலக்கையால் கைப்பிடியைச் சுழற்றுங்கள். இடக்கையில் ஈரம் பிழிந்த குட் மார்னிங் துண்டு ஒன்றை மடித்து, அதற்குள் கம்பி ஓடும்படி பிடித்து, கையை டிரம்மின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மெதுவாக நகர்த்துங்கள். அடுக்கு ஒழுங்காக அமையும், சர்க்கரையும் எண்ணெயும் மணலும் துடைபட்டுவிடும், உறையில் வெட்டு இருந்தால் துணி தடுக்கி உங்களுக்குச் சொல்லும். அந்தத் துண்டு காட்டிக்கொடுத்த கீறல்கள் கண்ணுக்குத் தப்பியவையாகவே பெரும்பாலும் இருந்திருக்கின்றன. மைக் கம்பிகளை மட்டும் ரீலில் இறுக்கிச் சுற்ற வேண்டாம். கையிலேயே ஒரு வளையம் மேலாக, அடுத்த வளையம் கீழாக மாற்றி மாற்றி எடுத்துக் கட்டுங்கள், ஒன்றின் முறுக்கை மற்றொன்று அவிழ்த்துவிடும்.

மழையில் நனைந்த கம்பியை அன்றிரவே சுற்றியாக வேண்டியிருந்தால் சுற்றிக்கொள்ளுங்கள். ஆனால் மறுநாள் மறுபடி அவிழ்த்து உலரவிட வேண்டும். அடுக்குகளுக்கிடையே தங்கும் ஈரம் நம் ஊர்க் காற்றில் தானாக உலராது, சாக்கெட்டுக்குள் பச்சைக் களிம்பு பிடிக்கும். வைப்பதற்குப் பொது நடைபாதையோ மின்மீட்டர் அலமாரியோ வேண்டாம்; குழுவின் பொருள் அறை, அது இல்லையென்றால் யாராவது ஒருவர் வீட்டு ஸ்டோர் ரூம். கூடவே ஒன்றைக் கவனியுங்கள். விழா அலங்காரத்துக்கு வெட்டிய ஸ்டைரோஃபோம் எழுத்துகளும் பானை வடிவங்களும் பெரும்பாலும் ரீலோடு ஒரே பெட்டியில்தான் போகின்றன. பிவிசி உறைக்கு நெகிழ்வு தரும் வேதிப்பொருள் ஸ்டைரோஃபோமுக்குள் மெல்ல ஊறிப் போய்விடும். நுரை கம்பியின் வடிவத்துக்கே உருகிப் பள்ளமாகும், கம்பி அந்த இடத்தில் விறைத்து வெடிக்கத் தொடங்கும். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். இடம் இல்லையென்றால் நடுவில் தடித்த அட்டை ஒன்றையாவது வையுங்கள்.